மால்மோ மேமோகிராம் ஆய்வு: புற்றுநோய்ப் படம் படிக்கும் அறையில் இயந்திரத்துக்கு எந்த இடம்?

மார்பகப் புற்றுநோய் ஸ்கிரீனிங், அதாவது அறிகுறி இல்லாத பெண்களையும் அழைத்துச் செய்யும் பரிசோதனை, நடத்துகிறவர்களை உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு நிலைமை உண்டு. அழைப்புக் கடிதம் வந்ததும் ஒரு பெண் தவறாமல் போய் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறார். சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை என்று பதில் வருகிறது. அடுத்த அழைப்பு வருவதற்குள், ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ கழித்து, கையில் கட்டி தட்டுப்படுகிறது. பயாப்ஸி செய்து, அதாவது கொஞ்சம் திசுவை எடுத்துச் சோதித்துப் பார்த்தால், புற்றுநோய். இரண்டு ஸ்கிரீனிங்குகளுக்கு நடுவே இப்படி வெளிப்படுவதை இடைவெளிப் புற்றுநோய் என்பார்கள். ஒழுங்காக ஸ்கிரீனிங்குக்கு வரும் பெண்களிடம் கண்டறியப்படும் மார்பகப் புற்றுநோய்களில் 20 முதல் 30 சதவீதம் இந்த வகை. பெரும்பாலும் வேகமாக வளர்பவை, கண்டுபிடிக்கும்போதே பெரிதாக இருப்பவை.

இவற்றில் சில, படம் எடுத்த நாளில் இல்லவே இல்லாதவை. சில, அடர்ந்த திசுவுக்குள் ஒளிந்திருந்தவை. இன்னும் சில, பழைய படத்தை எடுத்து மறுபடி பார்த்தால் "அட, அப்போதே இருக்கிறதே" என்று சொல்ல வைப்பவை. மருத்துவரின் தூக்கத்தைக் கெடுப்பது இந்த மூன்றாவது வகைதான்.

கணினி மருத்துவப் படங்களை அலசிப் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிட்டது என்ற செய்திகளுக்கு இப்போது பஞ்சமே இல்லை. அவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை: ஏற்கெனவே முடிவு தெரிந்த பழைய படங்களை மென்பொருளிடம் கொடுக்கிறார்கள், மருத்துவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்து, நாளைக்குப் படம் எடுக்க வரப்போகும் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. தெற்கு ஸ்வீடனில் மால்மோவிலும் அதன் சுற்றிலும் நடந்த, மசாய் என்று பெயரிட்ட ஆய்வு அந்தக் கேள்வியையே நேராகக் கேட்டது. நிஜமான ஸ்கிரீனிங், நிஜமான பெண்கள், யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்த ஒப்பீடு. முடிவில் அவர்கள் எண்ணியதும் இடைவெளிப் புற்றுநோய்களைத்தான். அதனால்தான் இந்த ஒரு ஆய்வை முழுதாக எடுத்துப் பார்க்கிறேன்.

படம் படிப்பது என்ற வேலை

மேமோகிராம் ஸ்கிரீனிங்கின் வரலாற்றில் ஸ்வீடனுக்குத் தனி இடம் உண்டு. மால்மோ நகரில் 1976இல் ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு தொடங்கியது. மறுவருடம் வேறு இரண்டு மாவட்டங்களில் இன்னொன்று தொடங்கியது. லாஸ்லோ டபார் குழுவினர் 1985இல் வெளியிட்ட அந்த இரண்டாவது ஆய்வில், ஸ்கிரீனிங்குக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணங்கள் 31 சதவீதம் குறைந்திருந்தன. உலகம் முழுக்க ஸ்கிரீனிங் திட்டங்கள் வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். இன்று ஸ்வீடனில் 40 முதல் 74 வயது வரை உள்ள எல்லாப் பெண்களுக்கும் ஒன்றரை முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அழைப்பு போகிறது.

எடுத்த படத்தை இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் தனித்தனியாகப் படிப்பது ஐரோப்பிய வழக்கம். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார் என்பதுதான் நோக்கம். இருவரில் யாருக்காவது சந்தேகம் வந்தால், கூடிப் பேசி, பெண்ணைத் திரும்ப அழைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள்.

அந்த அறையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு நான்கு படங்கள். ஒவ்வொரு மார்பகத்துக்கும் மேலிருந்து கீழாக ஒன்று, பக்கவாட்டில் சாய்வாக ஒன்று. சாய்வுப் படத்தில் மார்புத் தசை முக்கோணமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பின்பக்கத் திசு படத்துக்குள் வரவில்லை என்று அர்த்தம். மருத்துவர் இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். ஒரு பக்கம் மட்டும் இருக்கும் வெண்மை உடனே கண்ணை இழுக்கும். பிறகு முந்தைய முறை எடுத்த படத்தைத் திறந்து ஒப்பிடுகிறார். அப்புறம் பெரிதாக்கி, கால்சியப் புள்ளிகளைத் தேடுகிறார். தூள் உப்பைச் சிந்தியது போல இருக்கும் அவை உருண்டையாக, ஒரே மாதிரி, பரவலாகக் கிடந்தால் பயமில்லை. ஓரிடத்தில் கூட்டமாக, அளவிலும் வடிவத்திலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், பால் நாளத்தின் போக்கிலேயே கிளை பிரிந்து ஓடினால் திரும்ப அழைத்தே ஆக வேண்டும். கட்டி என்றால் ஓரத்தைப் பார்க்க வேண்டும். வழவழப்பான ஓரம் என்றால் பெரும்பாலும் நீர்க்கட்டி அல்லது சாதாரணக் கட்டி. ஓரத்திலிருந்து முள் முள்ளாக நீண்டால் ஆபத்து. இது எதுவுமே இல்லாமல், திசுவின் இழைகள் ஏதோ ஒரு புள்ளியை நோக்கி இழுபட்டது போல மட்டும் தோன்றும் படங்களும் உண்டு. எளிதில் தவறிப்போவது அவைதான்.

மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகவும் சுரப்பித் திசு வெள்ளையாகவும் தெரியும். புற்றுநோயும் வெள்ளைதான். அடர்த்தி அதிகமான மார்பகத்தில் வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட வேண்டியிருக்கும்.

இத்தனையும் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் நடக்கிறது. பழகிய ரேடியாலஜிஸ்ட் மணிக்கு ஐம்பது பெண்களின் படங்களைப் படிப்பதாகத்தான் இந்த ஆய்வாளர்களே கணக்குப் போடுகிறார்கள். ஆயிரம் பெண்களின் படங்களைப் படித்தால் ஐந்தாறு பேருக்குப் புற்றுநோய் இருக்கும். மிச்சம் இருப்பவை எல்லாம் நார்மல். அபூர்வமாக மட்டுமே தென்படும் ஒன்றைத் தேடும்போது, அது கண்ணெதிரே வந்தாலும் கண் விட்டுவிடுவது அதிகம் என்பது பார்வை பற்றிய ஆய்வுகள் உறுதியாகக் காட்டிய விஷயம். இதில் மருத்துவரின் திறமையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலையின் அமைப்பே அப்படி. இதற்கு மேல், மார்பகப் படம் படிக்கும் ரேடியாலஜிஸ்டுகளுக்கு ஐரோப்பாவில் பெரும் தட்டுப்பாடு. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பேர் வேண்டும் என்ற விதியைக் காப்பாற்றுவது வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிக்கொண்டு வந்தது.

ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்ட கதை

கணினி இந்த அறைக்குள் நுழைவது முதல் தடவை இல்லை. அமெரிக்காவில் ஆர்2 டெக்னாலஜி நிறுவனத்தின் இமேஜ்செக்கர் என்ற கருவிக்கு மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 1998இல் அனுமதி கொடுத்தது. மருத்துவர் தன் வாசிப்பை முடித்த பிறகு பொத்தானை அமுக்கினால், கால்சியப் புள்ளிக் கூட்டத்துக்கு முக்கோணமும் கட்டிக்கு நட்சத்திரக் குறியும் படத்தின் மேல் வரும். இந்த வகைக் கருவிக்கு மெடிகேர் காப்பீடு தனிக் கட்டணம் தரத் தொடங்கியதும், சில வருடங்களில் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

நோயாளிகளுக்கு இதனால் என்ன கிடைத்தது என்று பெரிய அளவில் பார்த்தது அதற்கு அப்புறம்தான். ஜோஷுவா ஃபென்டன் குழுவினர் 43 மையங்களில் 2,22,135 பெண்களின் 4,29,345 மேமோகிராம்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு சங்கடமானது. கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிய மையங்களில், புற்றுநோய் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்வது 90.2 சதவீதத்திலிருந்து 87.2 சதவீதத்துக்கு இறங்கியது. பயாப்ஸிகள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடின. புற்றுநோய் கண்டுபிடிப்பில் குறிப்பிடும்படியான முன்னேற்றம் இல்லை. கான்ஸ்டன்ஸ் லேமன் குழு 2015இல் மூன்று லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் மறுபடி பார்த்தது. அங்கும் பலன் இல்லை.

ஏன் இப்படி ஆனது? அந்தக் கருவி நார்மலான படங்களிலும் குறிகளை அள்ளித் தெளித்தது. ஆயிரம் குறிகளில் ஒன்றிரண்டுதான் நிஜம் என்றால், மருத்துவர் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளப் பழகிவிடுவார், அல்லது எல்லாவற்றுக்கும் பயந்து பெண்களைத் திரும்ப அழைப்பார். இரண்டும் நடந்தன. என்னைக் கேட்டால், குறியின் தரத்தைவிட, அது வைக்கப்பட்ட இடமே பெரிய கோளாறு. ஏற்கெனவே இருந்த வேலைக்கு மேல் இன்னொரு வேலையாக அது வந்து உட்கார்ந்தது. எந்தப் படத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், எதில் குறைவாகப் போதும் என்ற, மருத்துவருக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட தகவலை அது தரவே இல்லை.

மால்மோவில் செய்தது

லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேடியாலஜிஸ்ட் கிறிஸ்டினா லோங் தலைமையில், ஸ்கோனே பகுதியில் மால்மோ, லுண்ட், லான்ட்ஸ்க்ரோனா, ட்ரெல்லெபோர் ஆகிய நான்கு ஊர்களின் ஸ்கிரீனிங் மையங்களில் ஆய்வு நடந்தது. 2021 ஏப்ரலில் தொடங்கி 2022 டிசம்பர் வரை, 40 முதல் 80 வயது வரையிலான ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான இரட்டை வாசிப்பு, மறுபாதிப் பேருக்கு மென்பொருள் துணையோடு வாசிப்பு. யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கலில் அமைந்தது.

மென்பொருளின் பெயர் டிரான்ஸ்பாரா. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் இருக்கும் ஸ்க்ரீன்பாயின்ட் மெடிக்கல் நிறுவனத்தின் தயாரிப்பு. பழைய கருவிகளுக்கு எதைத் தேட வேண்டும் என்று மனிதர்கள் விதி எழுதிக் கொடுத்தார்கள். இந்தத் தலைமுறை மென்பொருள், பயாப்ஸியில் உறுதியான புற்றுநோய்ப் படங்களையும் நார்மல் படங்களையும் பெரும் எண்ணிக்கையில் பார்த்து, எந்தப் புள்ளி அமைப்பு எதோடு சேர்ந்து வருகிறது என்பதைத் தானே கற்றுக்கொள்கிறது. நான்கு படங்களையும் அலசி, அந்தப் பெண்ணுக்கு ஒன்று முதல் பத்து வரை ஒரு ஆபத்து மதிப்பெண் தருகிறது. ஸ்கிரீனிங்குக்கு வரும் பெண்களைப் பத்துச் சமமான கூடைகளில் போட்டது போல் வரும்படி மதிப்பெண் அளவுகோல் அமைக்கப்பட்டிருக்கிறது. புற்றுநோய்களில் பெரும்பகுதி பத்தாவது கூடையில் சேர்ந்துவிடும்.

இந்த மதிப்பெண்ணை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் முழு ஆய்வின் உயிர். ஒன்று முதல் ஒன்பது வரை வாங்கிய படங்களை ஒரே ஒரு ரேடியாலஜிஸ்ட் படித்தார். பத்து வாங்கியவற்றை வழக்கம் போல இரண்டு பேர் படித்தார்கள். மதிப்பெண் உயர்ந்த படங்களில் மட்டும், எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மென்பொருள் குறியிட்டுக் காட்டியது. குறைந்த மதிப்பெண் படங்களில் குறி இல்லை. பத்துக்குள்ளேயே உச்சியில் இருக்கும் சுமார் ஒரு சதவீதத்தை மிக அதிக ஆபத்து என்று தனியாகக் கொடி காட்டியது. அவர்களைத் திரும்ப அழைக்கும்படி மருத்துவர்களுக்குப் பரிந்துரை, அது பொய் எச்சரிக்கை என்று பார்த்தவுடன் தெரிந்தால் தவிர. மென்பொருளால் மதிப்பெண் தர முடியாத படங்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அவை பழைய இரட்டை வாசிப்புக்கே போயின.

எந்தப் படத்தையும் இயந்திரம் தனியாக முடித்து அனுப்பவில்லை. ஒன்று மதிப்பெண் வாங்கிய பெண்ணின் படத்தையும் ஒரு மருத்துவர் பார்த்தார். திரும்ப அழைப்பதை முடிவு செய்ததும் மருத்துவரே. இந்த ஆய்வைப் பற்றி எழுதும்போது "ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பதில் ஏ.ஐ." என்று தலைப்பு வைக்கிறவர்கள் இதைப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எண்கள், மூன்று கட்டங்களில்

முதல் 80,000 பெண்களின் முடிவு 2023 ஆகஸ்டில் வந்தது. அது பாதுகாப்புக்கான சோதனை. மென்பொருள் பக்கத்தில் ஆயிரம் பேருக்கு மூன்று புற்றுநோய்களுக்குக் கீழே கண்டுபிடிப்பு இறங்கக்கூடாது என்று முன்கூட்டியே எல்லை வைத்திருந்தார்கள். வந்தது 6.1. வழக்கமான பக்கத்தில் 5.1. படங்கள் வாசிக்கப்பட்ட மொத்தத் தடவைகள் மென்பொருள் பக்கம் 46,345, வழக்கமான பக்கம் 83,231. அதாவது 36,886 வாசிப்புகள் மிச்சம். மணிக்கு ஐம்பது என்ற கணக்கில் ஒரு ரேடியாலஜிஸ்டின் 700 மணி நேரத்துக்கும் மேல்.

வாசிப்பு 44 சதவீதம் குறைந்தது என்பதைத்தான் செய்திகள் பெரிதாகப் போட்டன. எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. பத்தில் ஒரு பங்குப் படங்களை மட்டும் இரண்டு பேர் படிப்பது, மற்றதை ஒருவர் படிப்பது என்று முடிவு செய்துவிட்டால் வாசிப்பு ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையத்தான் செய்யும். அது ஆய்வின் வடிவத்திலேயே இருக்கிறது, கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. இரண்டாவது ஜோடிக் கண்ணை எடுத்துவிட்ட பிறகும் புற்றுநோய்கள் தவறவில்லையா என்பதே உண்மையான கேள்வி.

முழு ஆய்வின் கண்டுபிடிப்புக் கணக்கு 2025 தொடக்கத்தில் வந்தது. மென்பொருள் பக்கம் 53,043 பெண்களில் 338 புற்றுநோய்கள், வழக்கமான பக்கம் 52,872 பெண்களில் 262. ஆயிரத்துக்கு 6.4, 5.0. கிட்டத்தட்ட 29 சதவீதம் அதிகம். பொய் எச்சரிக்கையால் திரும்ப அழைக்கப்பட்டவர்கள் 1.5 சதவீதம், 1.4 சதவீதம். குறிப்பிடும்படி கூடவில்லை. அமெரிக்காவில் பழைய கருவி சறுக்கிய இடம் இதுதான். இங்கே சறுக்கவில்லை.

ஆனால் "அதிகம் கண்டுபிடித்தது" என்றதும் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. புற்றுநோய் ஸ்கிரீனிங்கில் மிகை நோயறிதல் என்ற தீராத பிரச்சினை இருக்கிறது. வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் தராமல் இருந்திருக்கக்கூடிய மந்தமான கட்டியையும் கண்டுபிடித்து, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் கொடுத்து, ஆரோக்கியமாக இருந்த ஒரு பெண்ணை நோயாளியாக்கிவிட முடியும். அதனால் கூடுதலாகக் கிடைத்த 76 என்ன மாதிரியானவை என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பரவும் தன்மையுள்ளவை, அதாவது நாளத்தைத் தாண்டிச் சுற்றுத் திசுவுக்குள் நுழைந்தவை, 270, எதிர்ப்பக்கம் 217. நாளத்துக்குள்ளேயே அடங்கி இருப்பவை 68, எதிர்ப்பக்கம் 45. நாளத்துக்குள் அடங்கியவைதான் மிகை நோயறிதல் சந்தேகத்துக்கு முதலில் ஆளாகும். அந்தக் கூடுதல் 23இல் பாதி, அதாவது 12, தீவிரத் தரத்தைச் சேர்ந்தவை. மிக மந்தமான முதல் தரத்தில் கூடுதல் எதுவும் இல்லை. பரவும் வகையில் கூடுதலாகப் பிடிபட்டவை பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தவை, அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவாதவை. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. ஆனாலும் முழு நிம்மதி இல்லை. சின்னதாக இருக்கும்போது கிடைத்தது என்பது, கிடைக்காமல் இருந்தால் அது உயிரை எடுத்திருக்கும் என்பதற்கு நிரூபணம் ஆகாது.

அதற்குத்தான் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. கூடுதலாகக் கண்டுபிடித்தவை எல்லாமே தொந்தரவு தராத மந்தமான கட்டிகள் என்றால், இடைவெளிப் புற்றுநோய்களின் எண்ணிக்கை அசையாது. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் சீக்கிரமே வெளியே வந்திருக்கக்கூடியவை அவற்றில் இருந்தன என்றால், எண்ணிக்கை இறங்கும்.

அந்த முடிவு 2026 ஜனவரியில் லான்செட் இதழில் வந்தது. மென்பொருள் பக்கம் 82 இடைவெளிப் புற்றுநோய்கள், வழக்கமான பக்கம் 93. ஆயிரத்துக்கு 1.55, 1.76. பன்னிரண்டு சதவீதம் குறைவு. இந்த இறக்கம் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். புள்ளியியல் கணக்கில் உறுதியாகச் சொல்ல முடிவது, புதிய முறை பழைய முறையைவிட மோசமில்லை என்பது வரைக்கும். ஆய்வாளர்களும் அதை நிரூபிப்பதற்கே ஆய்வை வடிவமைத்திருந்தார்கள். ஆனால் உள்ளே இருக்கும் எண்கள் எல்லாம் ஒரே திசையில் போகின்றன. பரவும் தன்மையுள்ள இடைவெளிப் புற்றுநோய்கள் 75, எதிர்ப்பக்கம் 89. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்டவை 38, எதிர்ப்பக்கம் 48. தீவிரமான உள்வகைகள் 43, எதிர்ப்பக்கம் 59. இரு பக்கமும் வெளிப்பட்ட மொத்தப் புற்றுநோய்களில் ஸ்கிரீனிங்கிலேயே பிடிபட்டவை 80.5 சதவீதம், 73.8 சதவீதம். புற்றுநோய் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொன்னது இரு பக்கமும் 98.5 சதவீதம்.

பெரும்பாலான படங்களுக்கு இரண்டாவது மருத்துவர் இல்லாமலேயே இது நடந்தது என்பதை இன்னொரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் படங்களை ஒரே ஒருவர்தான் பார்த்தார். ஆனால் எந்தப் படங்களில் நிதானமாக உட்கார வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆயிரத்தில் ஐந்தைத் தேடும் கண்ணுக்கும், இதில் ஏதோ இருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்து பார்க்கும் கண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. கூடுதல் புற்றுநோய்களில் எத்தனை மென்பொருளின் குறியால் கிடைத்தன, எத்தனை மருத்துவரின் கவனம் சரியான இடத்தில் சேர்ந்ததால் கிடைத்தன என்று ஆய்வின் வடிவத்தை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டாவதற்குப் பெரிய பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு.

எங்கே உடையலாம்

ஒரே பகுதி, ஒரே வகை மேமோகிராம் இயந்திரம், ஒரே மென்பொருள். படித்தவர்கள் எல்லோரும் அனுபவம் உள்ள ரேடியாலஜிஸ்டுகள். பெண்களின் இனப் பின்னணி பதிவு செய்யப்படவில்லை. வேறு மென்பொருளை வாங்கிப் போட்டுவிட்டு மால்மோ எண்களைக் காட்டி விளம்பரம் செய்வது நியாயமாகாது.

அனுபவம் என்ற விஷயத்தைச் சும்மா ஒரு குறிப்பாக விட்டுவிட முடியாது. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2023இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. 27 ரேடியாலஜிஸ்டுகளிடம் 50 மேமோகிராம்களைக் கொடுத்து, ஒரு ஏ.ஐ. சொன்ன வகைப்பாடு என்று சொல்லி ஒரு விடையையும் சேர்த்துக் காட்டினார்கள். அவற்றில் சிலவற்றை வேண்டுமென்றே தவறாக வைத்திருந்தார்கள். விடை சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் கிட்டத்தட்ட 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். விடை தவறாக இருந்தபோது அவர்கள் 20 சதவீதத்துக்கு விழுந்தார்கள். நன்றாகப் பழுத்தவர்களும் தப்பவில்லை: 82 சதவீதத்திலிருந்து சுமார் 45 சதவீதம். திரையில் ஒரு இயந்திரம் பதில் சொல்லிவிட்டால், தன் கண்ணையே நம்பாமல் போவது யாருக்கும் நடக்கிறது.

இதை மசாயோடு சேர்த்துப் படித்தால் எனக்கு ஒரு கவலை வருகிறது. மால்மோவின் மருத்துவர்கள் இயந்திரம் வருவதற்கு முன்னால் பல வருடம் தாங்களே படித்துக் கண்ணைத் தீட்டியவர்கள். அவர்கள் ஓய்வு பெற்ற பிறகு வரும் தலைமுறை, முதல் நாளிலிருந்தே மதிப்பெண்ணோடு படம் பார்க்கும். மதிப்பெண் இரண்டு என்று போட்ட படத்தில் நுட்பமான இழை இழுப்பு ஒன்று இருந்தால், அதை எதிர்த்து "இல்லை, இந்தப் பெண்ணைக் கூப்பிடு" என்று சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்? பயிற்சிக் காலத்தில் ஒரு பகுதியாவது மதிப்பெண்ணை மறைத்து வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சிரமமான ஏற்பாடுதான். ஆனால் தவிர்க்க முடியாதது.

நம் பக்கத்துக்கு வரும்போது

இந்த ஆய்வின் எண்களைத் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. அதற்கு எளிய காரணம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் எல்லாப் பெண்களையும் வரிசையாக அழைத்து மேமோகிராம் எடுக்கும் திட்டம் கிடையாது. 2016இல் வந்த தேசிய வழிகாட்டி 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற ஊழியர் கையால் மார்பகப் பரிசோதனை செய்வதைத்தான் சொல்கிறது. இங்கே மேமோகிராம் அறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கட்டியோ வலியோ கசிவோ இருந்து வருகிறவர்கள். அவர்களிடையே புற்றுநோயின் விகிதம் ஆயிரத்துக்கு ஐந்தைவிட மிக அதிகம். தொந்தரவு இல்லாத பெண்களை வைத்துப் பத்துக் கூடைகளாக அமைத்த அளவுகோலை அவர்களிடம் வைத்தால், பத்தாவது கூடை நிரம்பி வழியும். பத்துக்குக் கீழே வந்தவரை ஒருவர் மட்டும் பார்த்தால் போதும் என்ற விதிக்கும் அங்கே ஆதாரம் இல்லை. கட்டி கையில் தட்டுப்படும் பெண்ணுக்கு மேமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும், அல்ட்ராசவுண்ட் எடுத்து, தேவைப்பட்டால் ஊசி போட்டுத் திசு எடுக்க வேண்டும். மென்பொருள் குறைந்த மதிப்பெண் போட்டது என்று அவரை வீட்டுக்கு அனுப்பினால் அது பெரிய தவறு.

வயதும் ஒரு விஷயம். இந்தியப் பெண்களுக்கு மேற்கத்தியப் பெண்களைவிடச் சராசரியாகச் சுமார் பத்து வருடம் முன்னதாகவே இந்த நோய் வருகிறது. இளவயது மார்பகம் அடர்த்தி கூடியது. பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்களின் படங்களில் பழகிய மென்பொருள் இந்த வெண்மைக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை இங்கேயே, இங்குள்ள படங்களில், பயாப்ஸி முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

அப்படியானால் இங்கே எதைக் கற்றுக்கொள்வது? மென்பொருளைவிட முக்கியமான ஒன்று மால்மோவில் இருந்தது. ஸ்வீடனில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அடையாள எண். புற்றுநோய் கண்டறியப்பட்டால் பதிவேட்டுக்குத் தெரிவிப்பது கட்டாயம், 1958இலிருந்து. அதனால்தான் 2021இல் படம் எடுத்துக்கொண்டு 'ஒன்றும் இல்லை' என்ற பதிலோடு போன பெண்ணுக்கு ஒன்றரை வருடம் கழித்து வேறு மருத்துவமனையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டாலும், அது இந்தக் கணக்கில் வந்து சேர்ந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து இடைவெளிப் புற்றுநோய்கள் 175. அவற்றை எண்ண முடியாமல் போயிருந்தால், இந்த ஆய்வு வெறும் "அதிகம் கண்டுபிடித்தோம்" என்பதோடு நின்றிருக்கும்.

நம்மிடமும் இதற்கு ஒரு அடித்தளம் இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மையம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தி வருகிறது. 2012இலிருந்து மாநிலம் முழுமைக்குமான பதிவேட்டுத் திட்டமும் உண்டு. ஏதாவது ஒரு மாவட்டத்தில் அரசோ மருத்துவமனையோ படம் அலசும் மென்பொருளை ஸ்கிரீனிங்கில் இறக்கும்போது, 'ஒன்றும் இல்லை' என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒவ்வொரு பெண்ணின் பதிவையும் வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அதற்கான செலவை மென்பொருளின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். விற்க வருகிறவரிடம், உங்கள் கருவி எத்தனை புற்றுநோய்களைப் பிடித்தது என்று கேட்கும்போதே, அது நார்மல் என்று சொல்லி அனுப்பியவர்களில் எத்தனை பேருக்கு இரண்டு வருடத்துக்குள் புற்றுநோய் வந்தது என்றும் கேட்கலாம்.